கடிகாரத்தை நிறுத்திய பிரேக்பாயிண்ட்

ஓய்வு நேரத்தில் எக்ஸ்86-64 செயலிக்கு ஒரு சின்ன கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதி வருகிறேன். பெரும்பாலும் சி, தவிர்க்க முடியாத இடங்களில் அசெம்பிளி. ஒரே கோர், நொடிக்கு 100 முறை அடிக்கும் டைமர், த்ரெட்டுகளை (தனித்தனியாக ஓடும் வேலைகளை) முறை வைத்து ஓடவிடும் ஷெட்யூலர், வெளியே பேச ஒரு சீரியல் போர்ட். அவ்வளவுதான். சில வாரங்களுக்கு முன் அதில் ஒரு கோளாறு தலைகாட்டியது. ஓடுவதற்குக் காத்திருக்கும் வரிசையில் ஒரே த்ரெட் எப்போதாவது இரண்டு தடவை போய் நின்றுகொண்டது. வரிசையில் சேர்க்கும் ஃபங்ஷனை எங்கிருந்தோ இன்டரப்டை (நடக்கும் வேலையின் நடுவே செயலியை அழைக்கும் குறுக்கீட்டை) மூடாமல் கூப்பிடுகிறேன் என்று சந்தேகம் வந்தது. அதைப் பிடிக்கத்தான் கெர்னலுக்குள்ளேயே, ஓட்டத்தைக் குறித்த இடத்தில் நிறுத்திப் பார்க்கும் ஒரு பிரேக்பாயிண்ட் வசதி எழுதினேன். அந்த வசதியில் வரிசையாக வந்த கோளாறுகளைப் பற்றியது இந்தப் பதிவு.

கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளான கியூஎமுவோடு, பிழை தேடும் கருவியான ஜி.டி.பி.யை இணைத்தால் போதாதா என்று கேட்கலாம். முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் கியூஎமுவின் ஜி.டி.பி. இணைப்பு ஒவ்வொரு கட்டளையாக நகரும்போது இயல்பாகவே இன்டரப்டையும் டைமரையும் நிறுத்தி வைக்கும். அந்த அமைப்பின் மதிப்பு 7. அதில் 1 என்பது ஒற்றை நகர்வு, 2 என்பது இன்டரப்ட் வேண்டாம், 4 என்பது டைமர் வேண்டாம். மதிப்பை மாற்றிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் என் கோளாறு கியூஎமுவில் அரிதாகவும், சீரியல் போர்ட் உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப்பில் அடிக்கடியும் வந்தது. நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாடி பார்க்க வேண்டும். அந்த டெஸ்க்டாப்பில் என் கெர்னலைத் தவிர வேறு எதுவும் இல்லை, எனவே பிரேக்பாயிண்ட்டும் அதற்குள்ளேயேதான் இருந்தாக வேண்டும்.

பிரேக்பாயிண்ட் வேலை செய்யும் விதம் எளிமையானது. நிறுத்த வேண்டிய இடத்தில் உள்ள முதல் பைட்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அங்கே ஹெக்ஸ் சிசி என்ற பைட்டை வைக்கிறோம். அதுதான் இன்ட் 3 கட்டளை, ஒரே பைட். செயலி அதைத் தொட்டதும் எக்செப்ஷன் (செயலியே எழுப்பும் குறுக்கீடு) எண் 3 கிளம்பி, அதைக் கவனிக்கும் என் ஹேண்ட்லருக்கு வரும். ஹேண்ட்லர் ரெஜிஸ்டர்களைச் சீரியலில் அச்சிடும், பழைய பைட்டைத் திரும்ப வைக்கும், அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரியான ஆர்.ஐ.பி.யை ஒன்று குறைக்கும், டி.எஃப். என்ற நகர்வு பிட்டை ஏற்றிவிட்டுத் திரும்பும். செயலி அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட்டிவிட்டு எக்செப்ஷன் எண் 1ஐ எழுப்பும். அங்கே மறுபடி சிசியை வைத்து, டி.எஃப்.பை இறக்கிவிட்டால் ஒரு சுற்று முடிந்தது.

இதை எழுத ஒரு மாலை போதுமானதாக இருந்தது. ஓடவிட்டேன். மூன்றாவது தடவை நின்றபோது அச்சு பாதி வரியில் அறுந்து, எல்லாம் உறைந்துபோனது.

கியூஎமுவில் அதே நிலையை வரவழைத்து மானிட்டரில் ரெஜிஸ்டர்களைப் பார்த்தேன். ஆர்.ஐ.பி. ஸ்பின்லாக்கின் (கிடைக்கும் வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டின்) சுழலுக்குள் நின்றது. ஃப்ளாக் ரெஜிஸ்டரில் வெறும் 2. இன்டரப்ட் திறந்திருந்தால் ஐ.எஃப். என்ற பிட் 9, அதாவது ஹெக்ஸ் 200, ஏறியிருக்க வேண்டும். அது இல்லை. ஆக இன்டரப்ட் மூடிய நிலையில் யாரோ லாக்குக்காகக் காத்திருக்கிறார்கள். ஸ்டாக்கைப் பின்னோக்கிப் படித்தால், காத்திருந்தது டைமர் ஹேண்ட்லர். நொடிக்கு ஒரு தடவை அது ஒரு வரி அச்சிடும், அதற்கு அச்சு லாக் வேண்டும். அந்த லாக்கைக் கையில் வைத்திருந்தது என் பிரேக்பாயிண்ட் ஹேண்ட்லர். அதாவது பிரேக்பாயிண்ட் ஹேண்ட்லர் அச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே டைமர் உள்ளே புகுந்திருக்கிறது. எக்செப்ஷனுக்குள் நுழைந்தாலே இன்டரப்ட் தானாக மூடிவிடும் என்று நினைத்துத்தான் அங்கே சாதாரண லாக்கைப் போட்டிருந்தேன்.

தானாக மூடாது. மூடுவதும் மூடாததும், எந்த எண்ணுக்கு எந்த ஹேண்ட்லர் என்று சொல்லும் ஐ.டி.டி. அட்டவணையில் அந்த எண்ணுக்கு நாம் எழுதும் பதிவின், அதாவது கேட்டின், வகையைப் பொறுத்தது. இன்டரப்ட் கேட் வழியாக நுழைந்தால் செயலி ஐ.எஃப்.பை இறக்கிவிடும். ட்ராப் கேட் வழியாக நுழைந்தால் இருந்தபடியே விட்டுவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் அது ஒன்றுதான். இன்டெல் கையேட்டில் இன்ட் 3ஐ ‘ட்ராப்’ வகை எக்செப்ஷன் என்று போட்டிருந்ததைப் பார்த்து, அப்படியானால் ட்ராப் கேட்தானே என்று ஹெக்ஸ் இஎஃப் எழுதியிருந்தேன். ஒரே சொல், இரண்டு வேறு விஷயங்கள். ஃபால்ட், ட்ராப், அபார்ட் என்ற பிரிவு, சேமிக்கப்படும் ஆர்.ஐ.பி. எதைக் காட்டுகிறது, அங்கிருந்து தொடர முடியுமா என்பதைச் சொல்வது. ட்ராப் என்றால் அடுத்த கட்டளையைக் காட்டும், அதனால்தான் ஒன்று குறைக்கிறோம். கேட்டின் வகைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கெர்னல் எழுதத் தொடங்குகிறவர்கள் இந்தப் பெயர்க் குழப்பத்தில் கட்டாயம் ஒரு தடவை விழுவார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த உறைவு டெஸ்க்டாப்பில் ஏன் அடிக்கடி, கியூஎமுவில் ஏன் அரிது என்பதற்கும் இங்கேயே விடை கிடைத்தது. சீரியல் வேகம் 115200. ஒரு எழுத்துக்கு 10 பிட், எனவே ஓர் எழுத்து போக ஏறக்குறைய 87 மைக்ரோநொடி. என் அச்சு 600 எழுத்து. பெருக்கினால் 52 மில்லிநொடி. டைமர் 10 மில்லிநொடிக்கு ஒன்று. ஆக நிஜ இயந்திரத்தில் ஒவ்வொரு அச்சுக்குள்ளும் டைமர் ஐந்து தடவை அடிக்கிறது. கியூஎமுவின் சீரியல் போர்ட் கொடுத்த எழுத்தை அந்த வேகத்துக்குக் காத்திராமல் உடனே விழுங்கிவிடும். டைமர் நடுவில் புகுவதற்கான நேரமே அங்கே குறைவு. இந்த 52 மில்லிநொடியை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

அன்று இரவு செய்த திருத்தம் தவறு. கேட்டை மாற்றாமல், ஹேண்ட்லரின் தலையில் ஒரு சிஎல்ஐ, வாலில் ஒரு எஸ்டிஐ போட்டேன். மூடு, வேலையை முடி, திற. பார்க்க ஒழுங்காக இருந்தது. அடுத்த நாள் ஷெட்யூலர் லாக்கைப் பிடித்திருக்கும் பகுதிக்குள் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்ததும், முதல் தடவையிலேயே உறைந்தது. இம்முறை எப்போதாவது என்ற பேச்சே இல்லை, ஒவ்வொரு முறையும்.

நடந்தது இதுதான். அந்தப் பகுதி இன்டரப்ட் மூடிய நிலையில் ஓடுகிறது. அங்கே நின்று, 52 மில்லிநொடி அச்சிட்டு, முடிவில் எஸ்டிஐ. டைமர் ஏற்கெனவே கதவுக்கு வெளியே காத்துக்கொண்டிருக்கிறது. எஸ்டிஐக்கு அடுத்த ஒரு கட்டளை வரைதான் செயலி பொறுக்கும், அதற்கு அடுத்ததில் டைமர் உள்ளே வந்துவிடும். அங்கிருந்து, ஹேண்ட்லரை முடித்துத் திரும்பும் கட்டளையான ஐரெட் வரை 15 ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கிலிருந்து எடுக்கும் கட்டளைகள் இருக்கின்றன, அத்தனையும் திறந்த வெளி. டைமர் ஷெட்யூலரைக் கூப்பிடும், ஷெட்யூலர் தன் லாக்கைக் கேட்கும், அந்த லாக் நான் நிறுத்தி வைத்திருக்கும் த்ரெட்டிடம் இருக்கிறது. முடிந்தது கதை. மூடியிருந்தவனின் கதவை நான் திறந்துவிட்டிருக்கிறேன்.

சரி, கேட்டையே மாற்றினேன், இஎஃப் போய் இஇ. ஒரு பிட் மாற்றம். சிஎல்ஐ, எஸ்டிஐ இரண்டையும் எடுத்துவிட்டேன். நுழையும்போது செயலியே ஃப்ளாக் ரெஜிஸ்டரை முழுதாக ஸ்டாக்கில் வைத்துவிட்டுத்தான் ஐ.எஃப்.பை இறக்குகிறது. திரும்பும்போது ஐரெட் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. நடுவில் நான் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கூடவே அச்சையும் லாக் இல்லாத தனி வழிக்கு மாற்றினேன். சீரியல் போர்ட் காலியாகும் வரை பார்த்துக்கொண்டே நின்று எழுதும் எளிய வழி. இல்லாவிட்டால் அச்சு ஃபங்ஷனுக்குள்ளேயே பிரேக்பாயிண்ட் வைத்தால், லாக்கை வைத்திருப்பவனும் கேட்பவனும் ஒரே ஆளாகிவிடும். லினக்ஸ் கெர்னலின் பிழை தேடும் வசதியான கேஜிடிபியும் சீரியலில் இப்படிப் பார்த்து நின்றுதான் பேசுகிறது.

உறைவது நின்றது. ஆனால் அச்சில் ‘இன்டரப்ட்: மூடியுள்ளது’ என்றே எல்லா இடத்திலும் வந்தது. வரிசையில் சேர்க்கும் ஃபங்ஷனில் வைத்தேன், மூடியுள்ளது. வேறு இடங்களிலும் வைத்தேன், மூடியுள்ளது. என் சந்தேகமே தவறு போலிருக்கிறது, எல்லோரும் ஒழுங்காகத்தான் மூடிவிட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி, இரண்டு மாலைகளை வேறு பக்கம் தேடுவதில் கழித்தேன். வேலையிடத்தில் ஒரு தம்பி இதே மாதிரி விஷயங்களில் ஆர்வம் உள்ளவன். மதியச் சாப்பாட்டின்போது அவனிடம் சொன்னேன். தட்டிலிருந்து நிமிராமலே கேட்டான்: “அண்ணே, ஐ.எஃப்.பை எங்கேர்ந்து படிக்கிறீங்க? ஹேண்ட்லருக்குள்ள புஷ்எஃப் போட்டா?”

ஆமாம், அந்தக் கணத்தின் ஃப்ளாக்கை ஸ்டாக்கில் தள்ளும் புஷ்எஃப் கட்டளையை வைத்து அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். இன்டரப்ட் கேட் வழியாக நுழைந்த பிறகு ஹேண்ட்லரில் நின்று ஃப்ளாக்கைப் படித்தால் அது எப்போதும் மூடியதாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது ஹேண்ட்லரின் ஃப்ளாக். நான் கேட்க வேண்டியது நிறுத்தப்பட்டவனின் ஃப்ளாக்கை. அது ஸ்டாக்கில், செயலி சேமித்து வைத்த ஃபிரேமில் இருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், தவறான ட்ராப் கேட் இருந்த நாட்களில் இந்த வரி சரியாகக் காட்டியிருக்கும், அங்கே ஐ.எஃப். மாறுவதில்லை அல்லவா. ஒரு தவறு இன்னொரு தவறை மறைத்து வைத்திருந்தது. கேட்டைத் திருத்தியதும் அச்சு பொய் சொல்லத் தொடங்கிவிட்டது.

ஃபிரேமிலிருந்து படிக்கும்படி ஒரே வரியை மாற்றினேன். பத்து நிமிடத்தில் முதல் கோளாறு கையும் களவுமாக மாட்டியது. மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கும் பூட்டை) விடுவிக்கும்போது காத்திருப்பவனை எழுப்பும் பாதையில் ஃப்ளாக் ஹெக்ஸ் 246. அதில் 200 ஏறியிருக்கிறது, இன்டரப்ட் திறந்திருக்கிறது. மற்ற எல்லாப் பாதையிலும் 46 அல்லது அதுபோல 200 இல்லாத எண்கள். அந்த ஒரு பாதையில் இன்டரப்டை மூடிச் சேமிக்கும் ஃபங்ஷனையும், முடிவில் மீட்கும் ஃபங்ஷனையும் சேர்த்தேன். வரிசையில் இரட்டையாக நிற்பது அதோடு ஒழிந்தது.

பதிவு இங்கேயே முடிந்திருக்க வேண்டியது. சேர்த்த ஃபங்ஷன் ஒழுங்காகக் கூப்பிடப்படுகிறதா என்று உறுதி செய்ய, அந்த மூடிச் சேமிக்கும் ஃபங்ஷன் மேலேயே ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தேன். நின்றது, அச்சிட்டது, தொடர்ந்தது. எதுவும் உறையவில்லை. ஆனால் கெர்னல் அச்சிடும் நேரம் பின்தங்கத் தொடங்கியது.

முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அச்சிடும் 52 மில்லிநொடியும் இன்டரப்ட் மூடியிருக்கிறது. அதற்குள் ஐந்து டிக் (டைமர் அடிப்பு) வரும், 8259 இன்டரப்ட் சிப் ஒரு கோட்டுக்கு ஒன்றைத்தான் நினைவில் வைக்கும், ஆக நான்கு டிக் போய்விடும். பிரேக்பாயிண்ட் வைத்தால் நேரம் கொஞ்சம் இழக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து தடவை நின்றால் 40 டிக், அதாவது 0.4 நொடி இழக்க வேண்டும். கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால், பத்து தடவைக்கு 6 நொடிக்கு மேல் பின்தங்கியது. இவ்வளவு வித்தியாசம் வருகிறதென்றால், அச்சு முடிந்த பிறகும் யாரோ இன்டரப்டை மூடி வைத்திருக்கிறார்கள். அடுத்த த்ரெட்டுக்கு மாறும்போது அதன் சொந்த ஃப்ளாக் வந்துவிடுவதால் எல்லாம் இயல்புக்குத் திரும்புகிறது, அதனால்தான் உறையவில்லை. இந்த மாதிரிக் கோளாறுகள்தான் எனக்கு அதிக பயம். உறைந்தால் உடனே தெரியும், இது பல நாள் தெரியாமலே ஓடும்.

மீட்கும் ஃபங்ஷனுக்கு வரும் மதிப்பை எல்லாம் ஒரு சின்ன வட்ட பஃபரில் எழுதி வைத்துப் பின்னால் அச்சிட்டேன். வரிசையாக 246, 246, 46, 246 என்று போய், நடுவில் ஒரு 146.

146 என்ற எண்ணைப் பார்த்ததும் காகிதத்தில் எழுதினேன். 246 என்றால் 0010 0100 0110. 146 என்றால் 0001 0100 0110. கடைசி எட்டு பிட்டும் ஒன்றுதான். முதல் நான்கில் பிட் 9 இறங்கி, பிட் 8 ஏறியிருக்கிறது. பிட் 9 ஐ.எஃப்., பிட் 8 டி.எஃப். இந்த மாற்றத்தைச் செய்யும் வரி என் கெர்னலில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது: பிரேக்பாயிண்ட் ஹேண்ட்லரில், ஒற்றை நகர்வுக்கு அனுப்பும் இடத்தில்.

ஏன் ஐ.எஃப்.பையும் இறக்குகிறேன் என்று சொல்லவில்லை. டி.எஃப்.பை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பினால், காத்திருக்கும் டைமர் அந்த ஒரு கட்டளைக்கு முன்பே புகுந்துவிடும். இன்டரப்டுக்குள் நுழையும்போது செயலி டி.எஃப்.பை இறக்கிவிடுவதால் டைமர் ஹேண்ட்லர் முழு வேகத்தில் ஓடும், த்ரெட்டை மாற்றும். அப்போது சிசி பைட் அதன் இடத்தில் இல்லை. வேறொரு த்ரெட் அந்த இடத்தை நிற்காமல் கடந்துபோய்விடும். வேறு பிரேக்பாயிண்ட்டில் நின்றால் ‘எங்கே சிசியைத் திரும்ப வைக்க வேண்டும்’ என்ற என் குறிப்பும் அழிந்துவிடும். அதனால் அந்த ஒரு கட்டளை முடியும் வரை ஐ.எஃப். இறங்கியிருக்க வேண்டும், முடிந்ததும் எக்செப்ஷன் 1இல் பழையபடி ஏற்றிவிடலாம். இந்த யோசனையில் பிழை இல்லை. அந்த ஒரு கட்டளை எது என்பதைத்தான் யோசிக்கவில்லை.

மூடிச் சேமிக்கும் ஃபங்ஷன் மொத்தமே நான்கு பைட்: 9சி, 58, எஃப்ஏ, சி3. புஷ்எஃப், பாப், சிஎல்ஐ, ரெட். ஃப்ளாக்கை ஸ்டாக்கில் தள்ளு, அதை ரெஜிஸ்டரில் எடு, இன்டரப்டை மூடு, திரும்பு. பிரேக்பாயிண்ட் வைத்ததும் முதல் பைட் சிசி ஆகிறது. நின்ற பிறகு 9சியைத் திரும்ப வைத்து, ஃபிரேமில் 246ஐ 146 ஆக்கி அனுப்புகிறேன். அடுத்து ஓடும் அந்த ஒற்றைக் கட்டளை புஷ்எஃப். அது தள்ளுவது, அந்தக் கணத்தில் உள்ள ஃப்ளாக்கை. அதாவது நான் தற்காலிகமாகத் திரித்து வைத்த 146ஐ. அடுத்த நொடியே எக்செப்ஷன் 1இல் ஃபிரேமை 246 என்று சரிசெய்கிறேன், ஆனால் ஸ்டாக்கில் நகல் ஏறிவிட்டது. அது ரெஜிஸ்டருக்குப் போய், மாறியில் உட்கார்ந்து, வேலையெல்லாம் முடிந்த பிறகு மீட்கும் ஃபங்ஷன் வழியாகத் திரும்பி வருகிறது. பாப்எஃப் அதை நம்பி எடுத்துப் போடுகிறது. இன்டரப்ட் மூடுகிறது, டி.எஃப். ஏறுகிறது.

டி.எஃப். ஏறினால் அடுத்த கட்டளைக்குப் பின் எக்செப்ஷன் 1 வந்திருக்க வேண்டுமே, ஏன் தெரியவில்லை? வந்தது. அதன் ஹேண்ட்லரில் ‘நகர்வு எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை என்றால் டி.எஃப்.பை இறக்கிவிட்டுப் பேசாமல் திரும்பு’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எதிர்பாராத எக்செப்ஷனை அமைதியாக விழுங்கும் வரி அது. அதை அன்றே எடுத்துவிட்டேன். இப்போது எதிர்பாராமல் எக்செப்ஷன் 1 வந்தால் கெர்னல் கத்திக்கொண்டு நின்றுவிடும்.

இதற்கு லினக்ஸில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். 2004இல் 2.6.9 பதிப்போடு, கெர்னலுக்குள் பிரேக்பாயிண்ட் வைக்கும் கேப்ரோப்ஸ் வந்தது, அதே ஒற்றை நகர்வு முறை. நகர்ந்த கட்டளை 9சி என்றால், நகர்வு முடிந்ததும் ஸ்டாக்கின் உச்சியில் உள்ள மதிப்பில் டி.எஃப்., ஐ.எஃப். இரண்டையும் துடைத்துவிட்டுப் பழையதை எழுதிவிடுவார்கள். நானும் அதைச் செய்தேன், 146 மறைந்தது. ஆனால் அதே நான்கு பைட்டில் மூன்றாவதான எஃப்ஏ, அதாவது சிஎல்ஐ மேல் வைத்தால்? நகர்வு முடிந்து நான் பழைய ஐ.எஃப்.பை ஏற்றினால், இப்போதுதான் ஓடிய சிஎல்ஐயையே அழித்ததாகிவிடும். எஸ்டிஐ, பாப்எஃப் இரண்டிலும் இதே சிக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிவிலக்கு எழுதி ஒட்டுப்போட எனக்குப் பிடிக்கவில்லை. லினக்ஸிலும் 2021இல் டி.எஃப். நகர்வைக் கைவிட்டபோது, இந்த நான்கு கட்டளைகளையும் செயலியை ஓட்டச் சொல்லாமல் ஹேண்ட்லரே செய்துவிடும்படி மாற்றினார்கள். சிஎல்ஐ என்றால் ஃபிரேமில் உள்ள ஃப்ளாக்கில் 200ஐ இறக்கு, ஆர்.ஐ.பி.யை நகர்த்து, திரும்பு. டி.எஃப். தேவையே இல்லை, திரிப்பதும் இல்லை. எனக்கு இது மனதுக்கு ஒத்துப்போனது. மாற்ற வேண்டியதெல்லாம் ஃபிரேமில் இருக்கும்போது, அங்கேயே மாற்றிவிடுவதுதான் முறை.

சிஎல்ஐ, எஸ்டிஐ, பாப்எஃப் மூன்றும் அரை மணியில் முடிந்தன. புஷ்எஃப் இன்னொரு நாளைத் தின்றது. ஃபிரேமில் உள்ள ஆர்.எஸ்.பி.யில் (ஸ்டாக் உச்சியின் முகவரியில்) 8 குறைத்து, அந்த இடத்தில் ஃப்ளாக்கை எழுத வேண்டும், அவ்வளவுதான். மூடிச் சேமிக்கும் ஃபங்ஷனில் சரியாக வேலை செய்தது. அதே கட்டளை ஸ்பின்லாக்குக்குள் இன்லைன் ஆகி நடுவில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வைத்தேன். ஐரெட்டில் எக்செப்ஷன் 13, பிழை எண் ஹெக்ஸ் 244.

244. 246இன் கடைசி இரண்டு பிட்டை நீக்கினால் வருவது. எக்செப்ஷன் 13இன் பிழை எண்ணில் தவறான செலக்டரின் (சி.எஸ்., எஸ்.எஸ். போன்ற நினைவகப் பகுதி ரெஜிஸ்டர்களில் வைக்கும் மதிப்பின்) எண் இருக்கும், கடைசி இரண்டு பிட் இருக்காது. அதாவது எஸ்.எஸ். இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளாக் உட்கார்ந்திருக்கிறது. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. கெர்னலில் ஓடும்போது எக்செப்ஷன் வந்தால், செயலி அதே ஸ்டாக்கில், நிறுத்தப்பட்டவனின் உச்சிக்கு ஒட்டினாற்போல ஃபிரேமை அடுக்குகிறது. உச்சி 80இல் முடியும் முகவரி என்று வைத்துக்கொள்வோம். 78இல் எஸ்.எஸ்., 70இல் ஆர்.எஸ்.பி., 68இல் ஃப்ளாக், 60இல் சி.எஸ்., 58இல் ஆர்.ஐ.பி. நான் புஷ்எஃப்பைச் செய்துகாட்டுவதற்காக 78இல் 246ஐ எழுதினால், எஸ்.எஸ். மேல்தான் எழுதுகிறேன். ஐரெட் அதை எடுத்ததும் விழாமல் என்ன செய்யும்?

பிறகு ஏன் முதல் ஃபங்ஷனில் விழவில்லை? அடுக்கும் முன் செயலி ஸ்டாக்கை 16இன் மடங்குக்கு இறக்கிக்கொள்ளும். கால் கட்டளை திரும்பும் முகவரியைத் தள்ளிவிடுவதால், ஃபங்ஷனின் முதல் கட்டளையில் உச்சி எப்போதும் 8இல் முடியும். உதாரணமாக 88. செயலி அதை 80க்கு இறக்கி, எஸ்.எஸ்.ஸை 78இல் வைக்கும். நான் எழுதுவது 80இல், அது யாருக்கும் சொந்தமில்லாத இடைவெளி. தற்செயலாகத் தப்பித்திருக்கிறது. ஃபங்ஷனின் நடுவில், ஒரு ரெஜிஸ்டரை ஏற்கெனவே தள்ளிய பிறகு, உச்சி 0இல் முடியும். அங்கே தப்பிக்க வழியில்லை. காகிதத்தில் இந்த முகவரிகளை எழுதி, அம்புக்குறி போட்டுப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 244 என்ற ஒற்றை எண் முழுக் கதையையும் சொல்லிவிட்டது.

லினக்ஸ் இதற்கு இன்ட் 3 நுழைவிலேயே ஃபிரேமைக் கொஞ்சம் கீழே நகர்த்தி இடைவெளி விடுகிறது. நான் ஐ.எஸ்.டி. வழியை எடுத்தேன். ஐ.டி.டி.யில் அந்த எண்ணுக்கு ஒரு தனி ஸ்டாக்கைக் குறித்துவிட்டால், ஃபிரேம் அங்கே போய்விடும், நிறுத்தப்பட்டவனின் ஸ்டாக்கைத் தொடவே தொடாது. இதற்கு ஒரு விலை உண்டு. பிரேக்பாயிண்ட் ஹேண்ட்லர் ஓடும்போதே இன்னொரு இன்ட் 3 அடித்தால், தனி ஸ்டாக்கின் உச்சியிலிருந்தே மறுபடி அடுக்கி, முதல் ஃபிரேமை அழித்துவிடும். எனவே ஹேண்ட்லரும் அது கூப்பிடும் எல்லா ஃபங்ஷன்களும் ஒரு தனி செக்‌ஷனில் இருக்கின்றன, அந்த முகவரி எல்லைக்குள் பிரேக்பாயிண்ட் வைக்கக் கேட்டால் கெர்னல் மறுத்துவிடும். முதலில் நினைவகத்தை நிரப்பும் ஃபங்ஷனான மெம்செட்டை அந்த செக்‌ஷனில் சேர்க்க மறந்து ஒரு மாலை போனது. கம்பைலர் ஸ்ட்ரக்சரைப் பூஜ்யமாக்க அதைத் தானாகவே கூப்பிட்டுக்கொள்ளும், நம் கண்ணில் படாது.

மறுக்கும் பட்டியலில் இன்னொரு இடமும் உண்டு. வேலையில்லாத நேரத்தில் ஓடும் சுழலில் எஸ்டிஐயும் ஹெச்எல்டியும் அடுத்தடுத்து இருக்கும். எஸ்டிஐக்குப் பிறகு ஒரு கட்டளை வரை செயலி இன்டரப்டை ஏற்காது என்பதால், ஹெச்எல்டியில் தூங்கப் போன பிறகுதான் இன்டரப்ட் வரும், வந்து எழுப்பும். எஸ்டிஐயை நான் ஃபிரேமில் செய்துகாட்டினால் இந்தப் பொறுமை கிடைக்காது. ஐரெட் முடிந்த உடனே இன்டரப்ட் வந்து போய்விடும், பிறகு ஹெச்எல்டி தூங்கும், எழுப்ப வந்தவன் ஏற்கெனவே போய்விட்டான். என் கெர்னலில் அடுத்த டிக் 10 மில்லிநொடியில் எழுப்பிவிடும், பெரிய நஷ்டம் இல்லை. இருந்தாலும் பிரேக்பாயிண்ட் வைத்ததால் நடத்தை மாறுவதை ஏற்க மனம் வரவில்லை. அந்த இரண்டு கட்டளைகளுக்கும் தடை.

எல்லாம் முடிந்தபின் பழைய டெஸ்க்டாப்பில் ஒரு இரவு முழுக்க ஓடவிட்டேன். புஷ்எஃப் மேல் இரண்டு, சிஎல்ஐ மேல் ஒன்று, வரிசையில் சேர்க்கும் ஃபங்ஷனில் ஒன்று. காலையில் நின்ற எண்ணிக்கையை நான்கால் பெருக்கி, இழந்த டிக்கோடு ஒப்பிட்டேன். சில தடவை நான்கு, சில தடவை ஐந்து என்று, 52 மில்லிநொடி டைமரின் எந்தப் புள்ளியில் தொடங்கியது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கியிருந்தது. அதற்கு மேல் ஒரு டிக்கும் காணாமல் போகவில்லை.

இன்னும் தொடாமல் வைத்திருப்பது என்.எம்.ஐ. என்ற, மூட முடியாத இன்டரப்ட். அது ஐ.எஃப்.புக்குக் கட்டுப்படாது. ஒரு என்.எம்.ஐ. ஓடும்போது அடுத்ததைச் செயலி தடுத்து வைக்கும், ஆனால் அந்தத் தடை அடுத்த ஐரெட்டோடு நீங்கிவிடும், அந்த ஐரெட் யாருடையது என்று செயலி பார்ப்பதில்லை. என்.எம்.ஐ. ஹேண்ட்லருக்குள் என் பிரேக்பாயிண்ட் அடித்துத் திரும்பினால், அந்த ஐரெட்டிலேயே தடை நீங்கி, முதல் என்.எம்.ஐ. முடிவதற்குள் அடுத்தது அதே ஸ்டாக்கில் வந்து இறங்கும். இதற்கு ஃபிரேமில் எந்த பிட்டும் இல்லை, எனவே அங்கே மாற்றித் தப்பிக்கவும் முடியாது. இப்போதைக்கு என்.எம்.ஐ. ஹேண்ட்லரையும் தடை செக்‌ஷனில் சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாவது கோரைக் கிளப்பும்போது, மற்ற கோரை நிறுத்த என்.எம்.ஐ.தான் வேண்டும். அப்போது இதை உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.